அடிபட்டவர் கண்ணைத் தானம் கொடுக்கலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:

கண்தானம் என்று தகவல் வந்தால் கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை அந்த வீட்டாரோடு இருப்பேன். வயதானவர்கள் இறப்பில் பெரிய சிக்கல் வராது. ஃபேனை நிறுத்தி, இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்தால் போதும். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிடலாம்.

விபத்து என்றால்தான் வீட்டாரே மறுத்துவிடுகிறார்கள். போன வருடம் திருப்பத்தூர் ரோட்டில் பைக்கில் போன ஒரு தம்பி. இமை இரண்டும் ரத்தம் கட்டி வீங்கிக் கிடந்தன. "முகமே இப்படி இருக்கு, கண்ணு எதுக்கு ஆகப்போகுது" என்றார் அவன் சித்தப்பா. "பார்த்துச் சொல்ல ஆள் வர்றாங்கண்ணே, நாமளா வேண்டாம்னு சொல்லிடக் கூடாது" என்றேன். போலீஸ் கேஸ் என்பதால் விசாரிக்கும் அதிகாரியின் சம்மதமும் வாங்கினோம்.

டெக்னீஷியன் இமையை விலக்கி டார்ச் அடித்தார். வெள்ளைவிழி முழுக்க ரத்தச் சிவப்பு. நடுவே கருவிழி (கார்னியா, கண்ணின் முன்பக்கத்து ஒளி ஊடுருவும் படலம்; அடுத்தவருக்குப் பொருத்துவது இதைத்தான்) பளிச்சென்று தெளிவாக இருந்தது! இடக்கண்ணில் மேற்படலம் மட்டும் லேசாக உரசியிருந்தது. அது பரவாயில்லை, பொருத்திய பிறகு அந்தப் படலம் புதிதாக வளர்ந்துவிடும் என்றார். உள்பக்கத்து எண்டோதீலியம் செல்கள்தான் போனால் திரும்ப வளராதவை. அந்தச் செல்களைக் கண் வங்கியில் ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப் என்ற கருவி வைத்து எண்ணுவார்கள். பார்வைக்காக முழுக் கருவிழியை மாற்ற, சதுர மில்லிமீட்டருக்குப் பொதுவாக 2000 செல்களுக்கு மேல் எதிர்பார்க்கிறார்கள். கண்ணாடி குத்திக் கிழிந்த கருவிழி ஆகாது. முன்பக்கம் தழும்பு இருந்தாலும் உள்படலம் நன்றாக இருந்தால், அதை மட்டும் பிரித்துப் பொருத்த வழி உண்டு.

1905-ல் எட்வார்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர் செய்த முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றுக்கே, இரும்புத் துண்டு பாய்ந்து காயம்பட்ட 11 வயதுச் சிறுவனின் கண்தான் உதவியது. இதை அந்தச் சித்தப்பாவிடமும் சொன்னேன்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, நான் ஐசியு நர்ஸ். தலையில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு அடியை விட, மூடாத இமைதான் கண்ணைக் கெடுக்கிறது. இமை அரைகுறையாகத் திறந்தே இருந்தால் கருவிழியின் கீழ்ப்பகுதி காய்ந்து வெளிறிவிடும், புண்ணாகிக் கிருமியும் ஏறும். அப்புறம் வீட்டார் சம்மதித்தாலும் அந்தக் கண் பயன்படாமல் போகலாம். அதனால் டாக்டர் சொன்னபடி களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்டுவோம், ஒவ்வொரு ஷிப்டிலும் திறந்து பார்ப்போம். தானத்துக்காக மட்டும் இல்லை, அவர் பிழைத்து எழுந்தால் அவருக்கே அந்தக் கண் வேண்டுமே. உங்கள் ஆள் யாராவது ஐசியுவில் இருந்தால், பார்க்கப் போகும்போது இமை மூடியிருக்கிறதா என்று நர்ஸிடம் தாராளமாகக் கேளுங்கள்.