எந்தத் திருப்பத்தூர்?

வாட்ஸ்அப் குழு: ஆவணிக் கல்யாணம் – நம்ம வீட்டார்

வள்ளி அக்கா: பத்திரிகை ப்ரூஃப் வந்துருச்சு, எல்லாரும் பாருங்க. நாளைக்கு மத்தியானம் அச்சுக்குப் போகுது.

சொக்கு சித்தப்பா: மண்டபத்து முகவரியில "மதுரை ரோடு, திருப்பத்தூர்"னு மட்டும் இருக்கேம்மா. மாவட்டம் இல்ல, பின்கோடும் இல்ல. இப்படியே அச்சாச்சுன்னா பெங்களூர் சனம் பாதி ஜோலார்பேட்டைப் பக்கம் போய் நிக்கும்.

செந்தில் (பெங்களூர்): சித்தப்பா, இப்பதான் எட்டு பேருக்கு ரயில் பாத்துக்கிட்டு இருக்கேன். திருப்பத்தூர்னு அடிச்சா ஒரே ஸ்டேஷன்தான் வருது. கோட் டி.பி.டி.

சொக்கு சித்தப்பா: போட்ராதப்பா! அது ஜோலார்பேட்டை–சேலம் பாதையில இருக்கிற திருப்பத்தூர். நம்ம சிவகங்கைத் திருப்பத்தூருக்கு ரயிலே கிடையாது. அதனால ரயில் ஆப்புல அந்தப் பேர் வந்தாலே அது அந்த ஊர்தான்.

சொக்கு சித்தப்பா: அதுக்குப் பக்கத்துலயே டி.பி.டி.ஒய்.னு ஒண்ணு இருக்கும். அது திருப்பதி. ஒரு எழுத்து கூடினா ஏழுமலையான்கிட்ட போயிருவே 😄

செந்தில் (பெங்களூர்): ரெண்டு திருப்பத்தூருக்கும் நடுவுல ரொம்ப தூரமா?

முத்து மாமா: வரைபடத்துல ஒண்ணுக்கு நேர் கீழே இன்னொண்ணு. நேர்கோட்டுல அளந்தாலே 250 கி.மீ.க்கு மேல.

முத்து மாமா: நீங்க மதுரைக்குப் போடுங்க மாப்ள. மைசூர்–தூத்துக்குடி வண்டி பெங்களூர், மதுரை வழியாத்தான் போகுது. மதுரையில இறங்கி மாட்டுத்தாவணி வந்து காரைக்குடி பஸ். ஏறும்போது "மேலூர், திருப்பத்தூர் வழியா?"ன்னு கேட்டுக்கங்க. சிவகங்கை வழியாப் போற வண்டியும் உண்டு, அது நம்ம ஊரைத் தொடாது.

கவிதா (சென்னை): எங்களுக்கு மாமா?

முத்து மாமா: ரயில்னா காரைக்குடி. பல்லவனும் போகும், சேதுவும் நிக்கும். அங்கிருந்து மதுரை ரோட்டுல 20 கி.மீ. சொச்சம், பிள்ளையார்பட்டியைத் தாண்டி வரணும். பஸ்னா கிளாம்பாக்கத்துல காரைக்குடி வண்டி. கோயம்பேட்டுல "திருப்பத்தூர்"னு போர்டு போட்டு நின்னா ஏறிடாத, அது ஆம்பூர், வாணியம்பாடி வழி.

மீனா அத்தை: அப்ப பிரம்மா கோயில் எந்தத் திருப்பத்தூர்ல இருக்கு? வந்த கையோட கும்பிட்டுப் போகலாம்னு இவர் சொல்றார்.

சொக்கு சித்தப்பா: ரெண்டுலயும் இல்ல அத்தாச்சி. அது திருப்பட்டூர், திருச்சி மாவட்டம். சென்னை–திருச்சி ரோட்டுல சிறுகனூர்ல திரும்பணும். தமிழ்ல "த்தூ", "ட்டூ"ன்னு தெளிவாத் தெரியும். இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாயிரும். கார்ல வர்றவங்க சிறுகனூர்ப் பலகையைப் பாத்துட்டு "ஊர் வந்துருச்சு"ன்னு வண்டியைத் திருப்பிராதீங்க. மேப்ல தேடுறவங்க தமிழ்லயே அடிங்க.

செந்தில் (பெங்களூர்): மேப்ல தமிழ்ல அடிச்சாலும் மேல இருக்கிற ஊர்தான் முதல்ல வருது.

முத்து மாமா: நீங்க நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிறதை அது முந்திக் காட்டும். ஊர்ப்பேரை விட்டுட்டு "திருத்தளிநாதர் கோயில்"னு தேடுங்க. இல்லன்னா மருது பாண்டியர் நினைவிடம். 1801 அக்டோபர் 24ல அவங்களைத் தூக்குல போட்டது இந்த ஊர்லதான். கார் ஏற்பாடு பண்றவங்க கிலோமீட்டரைப் பாருங்க. பெங்களூர்லருந்து 140, 150ன்னு காட்டினா தப்பு. 400க்கு மேல காட்டணும்.

கவிதா (சென்னை): ரெண்டு ஊருக்கும் ஒரே பேர் வச்சா சனம் என்ன பண்ணும்!

சொக்கு சித்தப்பா: தேவாரத்துல நம்ம ஊர் திருப்புத்தூர்மா. சம்பந்தரும் அப்பரும் அப்படித்தான் பாடியிருக்காங்க. வாயில புழங்கிப் புழங்கி "பு" "ப" ஆயிருச்சு. கோயில் பேரோட "திருப்புத்தூர்"னு தேடினா சரியா வந்து நிக்கும்.

வள்ளி அக்கா: சரி சித்தப்பா, பத்திரிகையில எப்படிப் போடட்டும்? "திருப்பத்தூர் மாவட்டம்"னா?

சொக்கு சித்தப்பா: ஐயய்யோ, அதைப் போட்டாத்தான் முழுசாக் கெட்டது! 2019ல வேலூரை மூணாப் பிரிச்சப்போ அந்தத் திருப்பத்தூர் மாவட்டத் தலைநகர் ஆயிருச்சு. அதுக்கு முன்னாடி "வேலூர் மாவட்டம்"னு ஒரு அடையாளமாவது இருந்துச்சு. இப்ப ஆன்லைன் ஃபாரத்துல மாவட்டம்னு கேக்கிற இடத்துல திருப்பத்தூர்னு கண்ணுல பட்டதும் நம்ம ஆளுங்க அதையே தட்டிர்றாங்க. நமக்கு மாவட்டம் சிவகங்கை, வட்டம்தான் திருப்பத்தூர்.

சொக்கு சித்தப்பா: பின்கோட் நமக்கு 630211, அவங்களுக்கு 635601. தபாலைப் பிரிக்கிறது இந்த நம்பரைப் பாத்துத்தான். கவர்ல கையால எழுதுறவங்க மூணாவது இலக்கத்தை நல்லா வட்டமாப் போடுங்க. அந்த 0 அஞ்சு மாதிரித் தெரிஞ்சா கவர் ஜோலார்பேட்டைப் பக்கம் போயிட்டுத்தான் வரும். மண்டபத்து லேண்ட்லைன் போடுறதா இருந்தா 04577. 04179ன்னா அது அந்த ஊர்.

மீனா அத்தை: ஆலங்குடியும் இப்படித்தான். குரு கோயில் ஆலங்குடி கும்பகோணத்துப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் வேற ஒரு ஆலங்குடி. குருப்பெயர்ச்சிக்குப் போறவங்க கேட்டு ஏறணும்.

செந்தில் (பெங்களூர்): மதுரைக்கே போட்டுட்டேன் மாமா, எட்டு டிக்கெட்டும் கன்ஃபர்ம். ஏற்கெனவே டி.பி.டி.க்குப் போட்டவங்க யாராவது இருந்தா என்ன பண்றது? இறங்குற ஊரை மாத்த முடியுமா?

முத்து மாமா: ஏறுற ஸ்டேஷனை மாத்த வழி இருக்கு. இறங்குற ஊரை ஆப்புல மாத்த முடியாது. ரத்து பண்ணிட்டு வேற போடணும். சீக்கிரம் பண்ணினா பிடித்தம் குறைவு, சார்ட் போட்டப்புறம் கஷ்டம்.

வள்ளி அக்கா: மாத்திட்டேன், பாருங்க 👇
"மதுரை ரோடு, திருப்பத்தூர் – 630121, சிவகங்கை மாவட்டம். (அருகில் உள்ள ரயில் நிலையம்: காரைக்குடி)"

முத்து மாமா: ரயில் நிலையம் போட்டது ரொம்ப நல்லது 👍 பக்கத்துல லொக்கேஷன் கியூ.ஆர். ஒண்ணும் வச்சிருங்க. அச்சாகிறதுக்கு முன்னாடி ரெண்டு போன்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க.

சொக்கு சித்தப்பா: வள்ளி, 630211. நீ 121ன்னு போட்டிருக்கே.

வள்ளி அக்கா: 🙈 இருங்க