மறு: ‘ஸ்ட்ரீமர்’ – தூம்பு என்று சொன்னால் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வேறிடத்தில் இருக்கும் பாட்டை வலையில் வாங்கி ஒலிக்கவைக்கும் ‘ஸ்ட்ரீமர்’ பெட்டிக்கு, நாம் செய்யும் மென்பொருள் தமிழாக்கத்தில் என்ன பெயர் வைப்பது என்று மூன்று வாரமாக இந்த இழை ஓடுகிறது, நான் வாய் திறக்கவில்லை. பெட்டியை என் கையால் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். கட்டியாயிற்று. இந்த மடல் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இதுவரை வந்த பரிந்துரைகள்.

> ஒலிபரப்பி என்று வைத்துவிடலாமே. ஒலிபரப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். ஒலிபரப்பு என்றதும் வானொலி நிலையம் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒருவர் பேச ஊரே கேட்கும். பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்து தொடர முடியாது. நம் பெட்டியோ எதையும் பரப்புவதில்லை. எங்கோ இருக்கும் பாட்டைத் தானே கேட்டு வாங்கி, பக்கத்தில் இருக்கும் பெருக்கிக்கு (ஆம்பிளிஃபயர்) கொடுக்கிறது. வாங்குகிறவனுக்குப் பரப்பி என்று பெயர் வைத்தால் நாளைக்கு உண்மையான ஒலிபரப்பிக்கு என்ன பெயர் வைப்பது?

> இசையோடை?

அழகு. ஆனால் ஓடை என்பது ஓடுகிற பொருளின் பெயர், ஓடவைக்கிற பெட்டியின் பெயர் இல்லை. தவிர, ஓடை தன் போக்கில் ஓடுவது, யாரையும் கேட்காது. இந்தப் பெட்டி அப்படிப்பட்டது இல்லை, கீழே சொல்கிறேன்.

> இசையியக்கி

இயக்கியை டிரைவருக்கு, அதாவது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளுக்கு, கொடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. நான் மொழிபெயர்க்கும் பட்டியலில் மூன்று வரி தள்ளி ‘ஒலி இயக்கி’ என்று ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒரே திரையில் போட்டால் படிப்பவர் குழம்புவார். நாஞ்சில் நாட்டு நண்பர்களுக்கு இயக்கி என்றால் அம்மன் வேறு.

ராஸ்பெரி பை போல எல்லாம் ஒரே பலகையில் அடங்கிய குட்டிக் கணினிக்கு வைத்த ‘ஒற்றைப்பலகைக் கணினி’ பற்றி எனக்குச் சண்டை இல்லை, அப்படியே இருக்கட்டும். பேச்சில் யாரும் சொல்லப்போவதில்லை, ‘பை’ என்றுதான் சொல்வார்கள். என் வீட்டில் அதுவும் எடுபடவில்லை. “அம்மா, மேசை மேல் இருந்த பை எங்கே?” என்று கேட்டால் மஞ்சள் பையை எடுத்துவந்து நீட்டுகிறார்.

சரி, பெட்டி. ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ, 2021 அக்டோபரில் 15 டாலர் விலையில் வந்ததே, அதுதான். சூயிங்கம் பொட்டலத்தை விடக் கொஞ்சம் அகலம். இதில் ஹெட்ஃபோன் துளை கிடையாது. பை 3, பை 4 பலகைகளில் துளை உண்டு, ஆனால் அதில் வருவது துடிப்பகலத்தை மாற்றி ஒப்பேற்றிய ஒலி, காதை வைத்துக் கேட்டால் பின்னணியில் இரைச்சல் தெரியும். அதனால் எண்களாக வரும் ஒலியை மின்னலையாக மாற்றும் ஒலிமாற்றி, பிசிஎம்5102ஏ சில்லு வைத்த ஊதா நிறப் பலகை ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கினேன். மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, ஒலிக்கு மூன்று கம்பி: 12, 35, 40 ஆம் ஊசிகள். வேலை அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். முதல் நாள் இரவு பதினொரு மணி வரை ஒரு சத்தமும் வரவில்லை, நடுநடுவே ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் மட்டும். கம்பியை மாற்றினேன், மென்பொருள் இருக்கும் நினைவக அட்டையை மறுபடி எழுதினேன், பெருக்கியைத் திட்டினேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால், அந்தப் பலகையின் முன்பக்கம் ‘எஸ்சிகே’ என்று போட்ட இரண்டு சின்னப் புள்ளிகள் சேராமல் இருக்கின்றன. சில்லின் அந்த ஊசியை மின்தரையோடு இணைத்தால்தான் சில்லு தனக்கு வேண்டிய கடிகாரத் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். பாட்டு வந்துவிட்டது.

ஒலி போய்ச் சேர்வது அப்பா காலத்துப் பெருக்கிக்கு. 4440 ஐசி போட்டு உள்ளூரில் அசெம்பிள் செய்தது. முன்பக்கம் நீலமும் சிவப்புமாக விளக்கு ஆடும். திருவிழாவுக்கு மைக் செட் கட்டியவர்கள் வீட்டில் இதில் ஒன்றாவது கிடக்கும். மென்பொருள் பைகோர்பிளேயர். அது தொடங்கும்போதே நினைவகத்தில் ஏறிக்கொள்ளும், ஓடும்போது அட்டையில் எழுதாது. கரண்ட் போனாலும் சட்டென்று பிளக்கைப் பிடுங்கினாலும் அட்டை கெடாது. எங்கள் தெருவுக்கு அது முக்கியம். பாட்டுகள் மாடியில் பழைய மடிக்கணினியில் இருக்கின்றன. லிரியன் என்ற மென்பொருள் அங்கே வழங்கியாக (சர்வர்) ஓடுகிறது. லிரியன், இதே வேலையைச் செய்த பழைய ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டிகளுக்காக எழுதப்பட்ட வழங்கிதான். பெட்டிகள் 2012இல் நின்றுபோயின, மென்பொருளை மட்டும் ஆர்வலர்கள் விடவில்லை, 2024இல் பெயர் மாறியது.

இனி சொல்லுக்கு வருகிறேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வைஃபை ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். நிற்கவில்லை. அரை நிமிடம் போல ஓடிவிட்டுத்தான் நின்றது. கணக்குப் போட்டால் சரியாக வருகிறது. குறுந்தகட்டுத் தரத்தில் விநாடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடமும் வலமுமாக இரண்டு. ஆக விநாடிக்கு 1,76,400 பைட்டு. ஃபிளாக் என்ற கோப்பு வடிவம் அதைப் பாதிக்குப் பாதி சுருக்குகிறது என்று வையுங்கள். பெட்டிக்குள் வரும் பக்கம், வந்ததைத் தேக்கி வைக்க 2 மெகாபைட்டு இடையகம் (பஃபர்) இருக்கிறது, இருபத்துச் சொச்சம் விநாடிக்குப் போதும். வெளியேறும் பக்கம் இன்னொரு இடையகம், அதில் விரித்து வைத்த ஒலி 10 விநாடிக்கு.

இந்த இரண்டும் நிரம்பியதும் பெட்டி, வழங்கியிடம் “போதும், நிறுத்து” என்கிறது. குறைந்ததும் “விடு” என்கிறது. மாடியில் இருக்கும் மடிக்கணினி எதையும் தள்ளுவதில்லை, கேட்டால் கொடுக்கிறது, அவ்வளவுதான். எப்போது எவ்வளவு வேண்டும் என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம் தீர்மானிக்கிறது. வைஃபையில் வரத்து விட்டுவிட்டு வரும், சமயத்தில் குபீரென்று வரும். வெளியே போவது மட்டும் விநாடிக்கு 44,100தான்.

தாறுமாறாக வரும் வரத்தைத் தேக்கி, அளவாக வெளியே விடுகிற பொருளை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். எங்கள் ஊர்க் கண்மாயில்!

கண்மாய்க்குள் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இரண்டு கல்தூண் நிற்குமே, குறுக்கே கல் சட்டம் போட்டு? கோடையில் தண்ணீர் வற்றினால் நாங்கள் அதில் ஏறி உட்கார்ந்திருப்போம். தூண்களுக்கு நடுவே அடியில் ஒரு துளை, அதற்கு ஒரு அடைப்பு. அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் இருக்கும் கல் குழாயில் புகுந்து, மறுபக்கம் வாய்க்காலில் வந்து விழும். எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு. அதன் பெயர் தூம்பு. குமிழித்தூம்பு என்றும் சொல்வார்கள்.

முதலில் ‘மடை’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். இசைமடை. நன்றாகத்தான் இருந்தது, ‘மடை திறந்த’ என்ற தொடரும் எல்லோர் வாயிலும் உண்டு. ஆனால் அந்தத் தொடரில் கட்டுப்பாடு இல்லாமல் கொட்டுவது என்ற பொருள் ஏறிவிட்டது, நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அப்புறம், இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவனை என்னவென்று அழைப்பது? என் மகள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “மடையன்” என்றாள். அகராதியில் அந்தச் சொல்லுக்குச் சமையற்காரன் என்றும் பொருள் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். பயனில்லை.

தூம்பின் பக்கம் என்னைச் சாய்த்தது வேறொன்று. தூம்பு ஒரு வாத்தியமும்கூட. மலைபடுகடாத்தில் கூத்தர்கள் மூட்டை கட்டிச் சுமந்து போகும் கருவிகளின் வரிசையில் முழவு, ஆகுளி, குழலோடு தூம்பும் வருகிறது, யானையின் பெருமூச்சைப் போல ஒலிக்கும் ஊதுகருவி. உள்ளே துளை உள்ள எதுவும் தூம்பு என்பது அடிப்படைப் பொருள். அதில் நீர் போனால் மதகு, காற்று போனால் வாத்தியம். இப்போது அதில் பாட்டு போகிறது. இப்படி ஒரு சொல் தானாக வந்து நிற்கும்போது புதிதாக ஒன்றை ஒட்டுப்போட்டுச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

உடனே மறுப்பு வரும் என்று தெரியும். நேற்றுத் தனிமடலில் ஒருவர் எழுதிவிட்டார்:

> எங்கள் பக்கம் தூம்பு என்றால் சாக்கடை போகிற குழி. அதை வரவேற்பறையில் வைக்கச் சொல்கிறீர்களா?

நியாயமான கேள்வி. அகராதியிலும் சலதாரை என்ற பொருள் இருக்கிறது. நெல்லைப் பக்கம் ‘தூம்பா’ என்று இன்றும் பேச்சில் உண்டு. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ‘இசைத்தூம்பு’ என்று முன்னொட்டோடு எழுதினால் அந்த வாடை போய்விடும் என்று நினைக்கிறேன். குழாய் என்ற சொல்லிலும்தான் கழிவுநீர் போகிறது, கோயில் கோபுரத்தில் கட்டிய குழாயில் பக்திப் பாட்டும் போகிறது. மைக் செட்காரர் “குழாய் கட்டியாச்சா?” என்று கேட்டால் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை.

வவுனியா அண்ணர் தங்கள் பக்கம் ‘துருசு’ என்பார்கள் என்று எழுதியிருந்தார். குளத்துத் துருசு திறந்து வயலுக்கு விடுவது அங்கே அன்றாடப் பேச்சு. எனக்கும் அந்தச் சொல் பிடித்திருக்கிறது. இங்கே படிப்பவர்களில் பாதிப் பேர் துருப்பிடித்த ஏதோ ஒன்று என்று நினைத்துவிடுவார்கள் என்பதுதான் தயக்கம். இலங்கை வெளியீட்டில் துருசு, இங்கே தூம்பு என்று வைத்தால் குடி முழுகாது. நீங்கள் தரவிறக்கம் என்கிறீர்கள், நாங்கள் பதிவிறக்கம் என்கிறோம், இரண்டு பக்கமும் கோப்பு இறங்கத்தான் செய்கிறது.

பெயரை விட வினை எனக்கு முக்கியம். பொத்தானில் எழுதப்போவது வினைதான். ‘ஸ்ட்ரீம்’ என்பதற்குப் ‘பாய்ச்சு’ என்று போட்டிருக்கிறேன். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம், அதேபோலக் கூடத்துக்குப் பாட்டைப் பாய்ச்சலாம். பாய், பாய்ச்சு என்று தன்வினையும் பிறவினையும் கைக்கு அருகிலேயே இருக்கின்றன, விகுதி தேடி அலைய வேண்டாம். ‘பாய்ச்சல்’ என்ற பெயர்ச்சொல் மட்டும் புலியை நினைவூட்டுகிறது, அந்த இடங்களில் ‘பாய்ச்சுதல்’ என்று எழுதிவிட்டேன். இரண்டு மூன்று அறைகளில் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஓடுவதற்கு ‘ஒத்துப்பாய்ச்சு’ என்று ஒரு வரைவு. என் காதுக்கே கொஞ்சம் முரடாக இருக்கிறது, மாற்றுச் சொல் இருந்தால் சொல்லுங்கள்.

நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் அம்மாவுக்கு இது தூம்பும் இல்லை, ஸ்ட்ரீமரும் இல்லை, ‘பாட்டுப்பெட்டி’. தாத்தா வீட்டு வால்வு ரேடியோவும், அப்பாவின் டேப்ரெக்கார்டரும், இப்போது இந்த ஊதாப் பலகையும் அவருக்குப் பாட்டுப்பெட்டிதான். அதோடு நான் போட்டியிடவில்லை. ஆனால் பட்டியலில் வழங்கி, இடையகம், ஒலிமாற்றி, பெருக்கி என்று நான்கு பெட்டிகள் வரிசையாக நிற்கும்போது ஐந்தாவதைப் பாட்டுப்பெட்டி என்று எழுதினால் எந்தப் பெட்டி என்று கேட்பார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிறேன், அதற்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் தூம்பும் பாய்ச்சுவும் உள்ளே போகும். ஒரே ஒரு வரியில்தான் இன்னும் முட்டிக்கொண்டு நிற்கிறேன்: வரத்து நின்று இடையகம் காலியாகி, திரையில் ஒரு வட்டம் சுற்றுமே, அதன் கீழே என்ன எழுதுவது? ‘இடையகம் நிரப்பப்படுகிறது’ என்பது அரசாணை போல இருக்கிறது. ‘நிரம்புகிறது…’ என்று ஒற்றைச் சொல்லாக விட்டிருக்கிறேன். ‘ஊறுகிறது…’ என்று எழுத ஆசை. கிணறு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து