லீடிங் எங்கே ஏறும், எங்கே இறங்கும்: சட்டமன்ற ஓட்டு எண்ணிக்கை பற்றித் தெரிந்தவர்கள் எழுதுவது

கணக்குப்பிள்ளை

கவுண்டிங் ஏஜென்ட்டாகவோ, அலுவலராகவோ, செய்தியாளராகவோ எண்ணிக்கை மையத்தில் பழகியவர்கள் இங்கே எழுதுங்கள். ஊர்க்கதை வேண்டாம். எந்தப் படிவம், எந்த மேசை, எங்கே கணக்கு உதைக்கும் என்று சொன்னால் போதும். தமிழ்நாட்டின் 2021 மே 2 முடிவுகளை உதாரணமாக எடுத்துக்கொண்டால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மேசை எண் 7

முதல் ஆயுதம் 17-சி படிவம்தான். வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தப் பூத்தின் தலைமை அலுவலர் பூத் ஏஜென்ட்டுகளிடம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் நகல் அது. வாக்குப்பதிவுக் கருவியில் ஓட்டைப் பதிந்து வைக்கும் பகுதியான கண்ட்ரோல் யூனிட்டின் எண், முத்திரை எண்கள், பதிவான மொத்த ஓட்டு எல்லாம் அதில் இருக்கும். இதை வாங்காமல் சாப்பிடப் போய்விடும் ஏஜென்ட் கட்சிக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை.

எண்ணிக்கை நாளுக்கு முன்பே அந்த நகல்களைச் சுற்றுவாரியாக அடுக்கிவிட வேண்டும். வழக்கமாக ஒரு தொகுதிக்கு 14 மேசை. முதல் சுற்றில் பட்டியலின் முதல் 14 பூத்கள், இரண்டாவது சுற்றில் அடுத்த 14. மூன்றாம் சுற்றில் ஏழாம் மேசைக்கு வருவது பட்டியலில் 35ஆவது பூத். 290 பூத் உள்ள தொகுதி என்றால் 20 சுற்று முழுதாகவும், 21ஆவது சுற்று 10 மேசையோடும் முடியும். ஆனால் 45-க்குப் பிறகு 45ஏ என்று துணை பூத் இருந்தால் வரிசை ஒன்று தள்ளிப்போகும். அதனால் பூத் எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; வரிசை எண்ணை வைத்துப் போடுங்கள்.

மேசைக்குக் கருவி வந்ததும் பார்க்க வேண்டியது: கண்ட்ரோல் யூனிட் எண் 17-சியில் இருப்பதுதானா, ரிசல்ட் பகுதியின் முத்திரை முழுசாக இருக்கிறதா, உள்ளே பச்சைத் தாள் முத்திரையின் எண் பொருந்துகிறதா. பிறகு பின்பக்க சுவிட்சைப் போடுவார்கள். பச்சைத் தாளில் ரிசல்ட் பட்டனுக்கு மேலே ஓட்டை போட்டு அமுக்குவார்கள். முதலில் மொத்த ஓட்டு தெரியும், அதன்பின் வேட்பாளர் வரிசை எண்ணும் அவர் பெற்ற ஓட்டும் ஒவ்வொன்றாக ஓடும், கடைசியில் நோட்டா. வேகமாக ஓடிவிட்டால் வெட்கப்படாமல் மறுபடி அமுக்கச் சொல்லுங்கள், அமுக்குவார்கள். வலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எட்டிப் பார்த்து எழுத வேண்டியிருப்பதால், வேட்பாளர் வரிசையை முன்கூட்டியே அச்சடித்த தாளில் எண்ணை மட்டும் நிரப்பிக்கொண்டு போவதுதான் நல்லது. கைபேசி உள்ளே கிடையாது. பேனா, வெள்ளைத்தாள், 17-சி நகல், அவ்வளவுதான்.

கரூரில் 2021இல் 77 பேர் நின்றார்கள். நோட்டாவோடு 78. ஓட்டு போடும் பட்டன்கள் உள்ள பேலட் யூனிட் ஒன்றில் 16 பேர்தான் என்பதால் பூத்துக்கு ஐந்து யூனிட். அங்கே ஒரு கருவியின் முடிவை ஒருமுறை ஓடவிட்டு எழுதவே எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுதி ஏன் இன்னும் மூன்றாவது சுற்றிலேயே நிற்கிறது என்று டிவியில் கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான்.

தாலுகா ஆபீஸ்

மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். கருவி காட்டும் மொத்தமும் 17-சி மொத்தமும் பொருந்தாவிட்டால் உடனே "மோசடி" என்று கத்த வேண்டாம். வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 50 அல்லது அதை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் வாக்குப்பதிவு நாள் காலையில் சோதனைக்காகப் போட்ட மாதிரி வாக்குப்பதிவை அழிக்காமல் விட்டிருப்பார்கள். குறைந்தது 50 மாதிரி ஓட்டு போட வேண்டும் என்பது விதி, அதனால்தான் அந்த எண். அப்படிப்பட்ட கருவியைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு, வெற்றி வித்தியாசம் ஒதுக்கி வைத்த கருவிகளின் மொத்த ஓட்டைவிட அதிகமாக இருந்தால் அதைத் தொடவே மாட்டார்கள். குறைவாக இருந்தால் அந்தப் பூத்தின் விவிபேட் சீட்டுகளை, அதாவது போட்ட ஓட்டைக் காட்டி அச்சான தாள்களை, எண்ணுவார்கள். திரையே வராத கருவிக்கும் சீட்டுதான் கதி.

இதுபோக ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து பூத்தின் விவிபேட் சீட்டு கட்டாயம் எண்ணப்படும். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. கடைசிச் சுற்று முடிந்த பிறகு சீட்டுக் குலுக்கித்தான் பூத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீட்டு எழுதும்போது எல்லாப் பூத் எண்ணும் டப்பாவுக்குள் போகிறதா என்று ஏஜென்ட் நின்று பார்க்க வேண்டும். அந்த நேரம் ஜெயித்த பக்கம் பட்டாசு வெடிக்கவும் தோற்ற பக்கம் வீட்டுக்கும் போய்விடுவதால் கவனிக்க ஆளிருக்காது. வங்கி காசாளர் கூண்டு மாதிரி வலை அடித்த இடத்தில், சீட்டுகளை வேட்பாளர்வாரியாகப் பிரித்து 25-25 ஆகக் கட்டி எண்ணுவார்கள். ஐந்து பூத்தும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும், அதனால் மதியமே முடிவு தெரிந்த தொகுதிக்குக்கூட சான்றிதழ் இரவில்தான் வரும். கருவிக்கும் சீட்டுக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் சீட்டுக் கணக்கே செல்லும்.

பதினேழு-சி

யாரும் தபால் ஓட்டைப் பற்றி எழுதவில்லையே. நெருக்கமான தொகுதியில் உயிரே அங்கேதான் இருக்கிறது.

காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு, 8.30க்குக் கருவி. ஒரு மேசைக்கு ஒரு சுற்றில் 500 உறைக்கு மேல் வைக்கக் கூடாது. வெளி உறை 13-சி. அதற்குள் 13-ஏ உறுதிமொழியும், ஓட்டுச்சீட்டு வைத்து ஒட்டிய 13-பி சிறு உறையும் தனித்தனியே இருக்க வேண்டும். 13-ஏ இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, சீட்டின் வரிசை எண் பொருந்தவில்லை என்றால் 13-பியைத் திறக்காமலே தள்ளுபடி. நடைமுறையில் அடிபடுவது பெரும்பாலும் சான்றொப்பத்தில்தான். தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்கள் அவசரத்தில் யாரிடமாவது கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

ராதாபுரம் 2016 நினைவிருக்கும். அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவைவிட 49 ஓட்டு கூடுதல் என்று அறிவித்தார்கள். 203 தபால் ஓட்டுகள், தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் இட்டதை ஏற்காமல் தள்ளப்பட்டவை. தள்ளுபடி 203, வித்தியாசம் 49. சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தபால் ஓட்டையும் 19, 20, 21 ஆகிய மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது, எண்ணியும் ஆயிற்று. ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. அந்தச் சட்டமன்றத்தின் காலமும் அப்படியே ஓடிப்போனது.

ஆகவே ஏஜென்ட் குறிக்க வேண்டிய எண் இரண்டு: செல்லுபடியான தபால் ஓட்டு எவ்வளவு, தள்ளுபடியானது எவ்வளவு. வித்தியாசம் தள்ளுபடி எண்ணைவிடக் குறைவாக இருந்தால், தள்ளிய எல்லா உறையையும் அறிவிப்புக்கு முன் மறுபடி சரிபார்ப்பது தேர்தல் நடத்தும் அலுவலரின் கட்டாயக் கடமை. யாரும் மனு கொடுக்கத் தேவையில்லை. ஞாபகப்படுத்தினால் போதும். ஞாபகப்படுத்த ஆள் வேண்டும், அதுதான் விஷயம். 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் இன்னொன்றும் சொன்னது: தபால் ஓட்டு முழுதும் எண்ணி முடிக்காமல் கருவியின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது. நல்ல மாற்றம்.

மேசை எண் 7

மறு எண்ணிக்கைக்கும் ஒரு வார்த்தை. இறுதிப் பட்டியலான படிவம் 20 தயாராகி மொத்தத்தைப் படித்த பிறகு, தேர்தல் நடத்தும் அலுவலர் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். அந்த இடைவெளிதான் வாய்ப்பு. எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும்: இன்ன மேசை, இன்ன பூத், 17-சியில் இவ்வளவு, படிவம் 20இல் இவ்வளவு என்று. "சந்தேகமாக இருக்கிறது" என்று எழுதினால் நிராகரிப்பு நிச்சயம், அதுவும் நியாயமே. முடிவை அறிவித்துவிட்டால் அதற்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குதான், 45 நாளுக்குள். இரண்டு பேரும் சமமாக வந்தால் அங்கேயே குலுக்கல். விழுந்தவருக்கு ஒரு ஓட்டு கூடும்.

ரவுண்டு பார்ட்டி

டிவியில் உட்கார்ந்து "நான்காவது சுற்றில் 3,000 முன்னிலை, ஜெயித்தாச்சு" என்பவர்களுக்காக இது. முதல் நான்கு சுற்று என்பது தொகுதி முழுவதிலிருந்தும் அள்ளி எடுத்த மாதிரி அல்ல. பூத் எண்கள் வடமேற்கில் தொடங்கித் தென்கிழக்கில் முடிகிற மாதிரி போடுவார்கள். எனவே முதல் சுற்றுகள் தொகுதியின் ஒரு மூலை. அந்த மூலை நகராட்சி என்றால் ஒரு கணக்கு, ஒன்றியம் என்றால் இன்னொரு கணக்கு. காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் முன்னிலை என்று செய்தி வருவதற்குக் காரணம் மர்மம் எதுவுமில்லை. எண்ணும் ஊர் மாறுகிறது.

செய்ய வேண்டிய கணக்கு: மிச்சமுள்ள பூத்களின் 17-சி மொத்தத்தைக் கூட்டுங்கள். 6 சுற்று பாக்கி, அவற்றில் 50,000 ஓட்டு, முன்னிலை 3,000 என்றால் எதிராளிக்கு அந்த ஓட்டில் 6 சதவீதப் புள்ளி கூடுதலாக வந்தால் சமம். அந்த ஊர்களில் போன தேர்தலில் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். 6-க்குக் கீழே என்றால் நிம்மதியாகக் காபி குடிக்கலாம். 15 என்றால் பட்டாசை எடுத்து உள்ளே வையுங்கள்.

ஆணையத்தின் தளம் டிவியைவிடப் பின்தங்குவதும் கோளாறு அல்ல. சுற்றுத் தாளில் தேர்தல் நடத்தும் அலுவலரும் ஆணையம் அனுப்பிய பார்வையாளரும் கையெழுத்திட்ட பிறகே அது ஏறும். பார்வையாளர் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கருவியைத் தாமே எடுத்துச் சரிபார்க்கவும் வேண்டும்.

கணக்குப்பிள்ளை

மாவட்ட முடிவுக்கு வருவோம். இதில்தான் படித்தவர்களே சறுக்குகிறார்கள்.

2016 வேலூரையும் 2021 வேலூரையும் ஒப்பிட்டு அட்டவணை போடுகிறார்கள். 2016இல் வேலூர் மாவட்டத்தில் 13 தொகுதி. 2019இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு வேலூருக்கு 5, ராணிப்பேட்டைக்கு 4, திருப்பத்தூருக்கு 4. பழைய திருநெல்வேலியின் 10, நெல்லை 5 தென்காசி 5 ஆனது. விழுப்புரத்தின் 11, ஏழும் நான்கும் ஆகி நான்கு கள்ளக்குறிச்சிக்குப் போனது. காஞ்சிபுரத்தின் 11இல் ஏழு செங்கல்பட்டுக்கு. 2020இல் நாகையின் 6இல் மூன்று மயிலாடுதுறைக்கு. தொகுதி எல்லை மட்டும் மாறவில்லை. அது 2008 மறுவரையறையிலேயே நிற்கிறது. ஆகவே ஒப்பீடு செய்பவர் தொகுதியை அடிப்படையாக வைத்து, மாவட்டத்தைத் தம் கையால் கட்டிக்கொள்ள வேண்டும். சென்னையில் இன்னொரு குழப்பம்: 2018இல் வருவாய் மாவட்டம் விரிந்து அம்பத்தூர், மாதவரம், மதுரவாயல், திருவொற்றியூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் வட்டங்கள் சேர்ந்தன. தேர்தல் பட்டியலில் சென்னைக்கு இன்னும் 16தான்.

அடுத்து, "முழுசாக அள்ளியது" என்ற தலைப்பு. 2021இல் சென்னையின் 16உம் தி.மு.க. கூட்டணிக்கு. ஆனால் மாநிலத்திலேயே மிகக் குறைந்த வித்தியாசம் அதே சென்னையின் தியாகராய நகரில், 137 ஓட்டு. கோவையின் 10உம் அ.தி.மு.க. கூட்டணிக்கு, அங்கே கிணத்துக்கடவு 1,095, கோவை தெற்கில் வானதி சீனிவாசனுக்கும் கமல்ஹாசனுக்கும் இடையே 1,728. திண்டுக்கல் மாவட்டத்தின் ஆத்தூரில் ஐ. பெரியசாமி ஜெயித்தது 1,35,571 வித்தியாசத்தில். இவை எல்லாமே அட்டவணையில் தலா ஒரு இடம். இடங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் குறைந்த வித்தியாசத்தையும் ஒரு பத்தியாகப் போடாத மாவட்ட அட்டவணையை நான் மதிப்பதில்லை.

பதினேழு-சி

கட்சிவாரி எண்ணிலும் கவனம். 2021இல் உதயசூரியன் 133 என்று பட்டியல் சொல்லும். அதில் தி.மு.க. நேரடியாக 125, மற்ற 8 அதே சின்னத்தில் நின்ற கூட்டணிக் கட்சிகள், ம.தி.மு.க.வின் 4 உட்பட. தி.மு.க.வின் 37.7 சதவீதத்திலும் அவர்கள் ஓட்டு கலந்திருக்கிறது. அ.தி.மு.க.வின் இரட்டை இலைப் பக்கமும் கே.வி.குப்பத்தில் ஜெயித்த கூட்டணிக் கட்சிக்காரர் அப்படித்தான். கூட்டணியாகக் கூட்டினால் தி.மு.க. பக்கம் 159, அ.தி.மு.க. பக்கம் 75. மாவட்டத்தில் ம.தி.மு.க. பூஜ்யம் என்று எழுதுவதற்கு முன் சின்னத்தைப் பார்த்துவிட்டு வேட்பாளர் யாரென்றும் பாருங்கள்.

தாலுகா ஆபீஸ்

பூத்வாரி எண் வேண்டுமென்றால் தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்தில் வரும் படிவம் 20. மூன்று எச்சரிக்கை. பூத்களைக் கூட்டினால் வேட்பாளரின் மொத்தம் வராது. தபால் ஓட்டு கடைசியில் தனி வரியாக இருக்கும், எந்தப் பூத்துக்கும் சேராது. டெபாசிட் கணக்கில் நோட்டாவைச் செல்லும் ஓட்டில் சேர்க்கக் கூடாது. செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால்தான் 10,000 ரூபாய் திரும்ப வரும். மூன்றாவது, பூத் 112 இரண்டு தேர்தலிலும் ஒரே பூத் என்று நினைக்காதீர்கள். 2021இல் கொரோனாவுக்காக ஒரு பூத்துக்கு 1,000 வாக்காளர் என்று வைத்து மாநிலத்தில் 88,937 பூத் ஆக்கினார்கள். வரிசை முழுக்க மாறியது. பள்ளிக்கூடத்தின் பெயரையும் தெருப் பட்டியலையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும். ஒரு தொகுதிக்கு முழுதாக இரண்டு நாள் வேலை. எக்செல் தானாகச் செய்யாது.