மரநிழலில்தான் வேறுபாடு தெரியும்: காட்டுத்தடத்தில் இருவகை ஆக்‌ஷன் கேமராக்கள்

சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் வார இறுதிகளில் மலைமிதிவண்டி ஓட்டும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். நூறு வெள்ளிக்குள் கிடைக்கும், உடலில் கட்டிக்கொண்டு படம் எடுக்கும் சிறிய ஆக்‌ஷன் கேமரா போதுமா, அல்லது அதைப்போல் ஐந்தாறு மடங்கு கொடுத்து உயர்விலைக் கேமராவை வாங்க வேண்டுமா என்பதே அது. இரண்டு வகையையும் இங்குள்ள தடங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். எனவே விளம்பரத்தில் வரும் எண்களை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழக் காலை 7 மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது என்பதால், வெயிலுக்கு முன் ஓட்டி முடிக்க நினைப்பவர்களுக்குக் கிடைப்பது மரக்கிளைகளுக்கு இடையே வடிந்து வரும் மங்கலான வெளிச்சம் மட்டுமே. அப்படியொரு காலையில் இரண்டு கேமராக்களையும் ஒரே மார்புப் பட்டையில் மாற்றி மாற்றிப் பொருத்தி, வேர்கள் நிறைந்த ஒரே இறக்கத்தில் இறங்கிப் பதிவு செய்தேன். உயர்விலைக் கேமராவின் காட்சியில் முன்சக்கரம் எந்த வேரின் மேல் ஏறுகிறது, எங்கே வழுக்குகிறது, பிரேக்கை எந்த இடத்தில் பிடித்தேன் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்தன. மலிவுக் கேமராவின் காட்சியில் கைப்பிடி மட்டும் தெளிவாக இருந்தது. தரை முழுவதும் பழுப்பு நிறத்தில் கலங்கி ஓடியது. நிழலிலிருந்து திறந்த வெளிக்கு வந்த கணத்தில் வானமும் பாதையும் ஒன்றாக வெளுத்துப் போய், மீண்டும் உருவம் தெரியச் சற்று நேரம் பிடித்தது.

இதற்குக் காரணம் பிக்சல் எண்ணிக்கை அன்று, ஒளியைப் பதிவு செய்யும் சில்லான சென்சாரின் பரப்பளவு. சிறிய சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி குறைவு. வெளிச்சம் குறையும்போது கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (காணொளியின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும்) ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது, அந்த நேரத்திற்குள் வண்டி குலுங்கினால் அந்தக் குலுக்கல் ஃபிரேமுக்குள்ளேயே கலங்கலாகப் பதிந்துவிடுகிறது. காட்சி ஆடாமல் காக்கும் மின்னணு நிலைப்படுத்தல் என்பது கைரோஸ்கோப் தரும் அசைவுத் தகவலை வைத்து ஃபிரேமை எதிர்த்திசையில் நகர்த்தி, ஓரங்களை வெட்டிச் சரிசெய்யும் கணக்கு மட்டுமே. ஏற்கெனவே கலங்கிய ஃபிரேமை அதனால் தெளிவாக்க முடியாது. ஆகவே காட்சி ஆடாமல் நிற்கும், ஆனால் இலைகளும் வேர்களும் துடித்துக்கொண்டே இருக்கும். 2023-இல் வந்த டிஜேஐ ஓஸ்மோ ஆக்‌ஷன் 4 கேமராவில் உள்ள 1/1.3 அங்குலச் சென்சார், கோப்ரோ ஹீரோ 11-இல் உள்ள 1/1.9 அங்குலச் சென்சாரைவிடப் பெரியது. மலிவுக் கேமராக்களில் பெரும்பாலும் இவ்விரண்டையும்விடச் சிறிய சென்சாரே இருக்கிறது. காட்டுக்குள் படம் எடுப்பவர் கடையில் முதலில் கேட்க வேண்டியது இந்த அளவைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

பெட்டியின் மேல் 4கே (மிக உயர்ந்த தெளிவு) என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். குறைந்த தெளிவில் பதிவான காட்சியை மென்பொருளால் பெரிதாக்கி 4கே என்று விற்பதும் உண்டு. 4கே-யில் பதிவு செய்யும்போது நிலைப்படுத்தல் வேலை செய்யாத மலிவுக் கேமராக்களும் பல. அத்தகைய கேமராவில் 4கே-யைவிடக் குறைந்த தெளிவான 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வதே நல்ல பலன் தரும்.

அடுத்தது ஈரம். புலாவ் உபினில் உள்ள கெத்தாம் மலைமிதிவண்டிப் பூங்காவுக்கு மழை ஓய்ந்த ஒரு காலையில் சென்றபோது, உடன் வந்த நண்பரின் மலிவுக் கேமரா பாதி வழியிலேயே பனிமூட்டத்தைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டது. அந்த வகைக் கேமராவின் உடல் நீர்புகாதது அன்று. தனி உறைக்குள் வைத்தே பயன்படுத்த வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரம் உறைக்குள் அடைபட்டு, கேமரா சூடானதும் உறையின் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்துவிடுகிறது. குளிரூட்டப்பட்ட அறையில் உறையை மூடிக்கொண்டு, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் இது பெருமளவு குறையும். கோப்ரோ ஹீரோ 5 முதல் உறை இல்லாமலேயே நீரில் 10 மீட்டர் ஆழம் வரை தாங்குவதால் அங்கே இந்தத் தொல்லை அரிது.

ஒலியைப் பொறுத்தவரை, இறக்கத்தில் எந்தக் கேமராவிலும் காற்றிரைச்சல் இருக்கும்; அதற்காக யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மலிவுக் கேமராவை நான் ஒதுக்கவில்லை. ரயில் பாதைப் பசுமை வழியின் திறந்த பகுதிகளில் நன்றாக விடிந்தபின் ஓட்டுபவருக்கும், தன் உடல் நிலையையும் திருப்பங்களில் தன் பார்வை போகும் திசையையும் பார்த்துத் திருத்திக்கொள்ள விரும்பும் புதியவருக்கும் அது போதும். மரக்கிளை உரசினாலும் கீழே விழுந்தாலும் மனம் பதறாது என்பதும் சிறிய விஷயம் அல்ல.

ஆனால் மரநிழலில் ஓடும் தடங்களைத்தான் பதிவு செய்யப் போகிறோம் என்றால், புதிய மலிவுக் கேமராவைவிட, ஓரிரு தலைமுறை பழைய உயர்விலைக் கேமராவைக் கைமாற்றாக வாங்குவதே சிறந்தது என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். வாங்குமுன் பேட்டரி உப்பியிருக்கிறதா, கதவோரத்து ரப்பர் கிழிந்திருக்கிறதா, முன்கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று நேரில் பார்த்து, அங்கேயே பத்து நிமிடம் பதிவு செய்து பாருங்கள். கோப்ரோ ஹீரோ 9 முதல் 12 வரை ஒரே வகைப் பேட்டரி பொருந்தும், 13-க்கு அது பொருந்தாது. மெமரி கார்டு வி30 தரத்தில் (நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் வேகம்) இருக்கட்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பதிவானால் ஏறத்தாழ 45 ஜிபி நிறைந்துவிடும்.

எங்கள் குழுவில் அண்மையில் சேர்ந்த தம்பி ஒருவர் இப்படித்தான் ஒரு ஹீரோ 11 வாங்கினார். தலைக்கவசத்தில் வைத்தால் சரிவின் செங்குத்து காட்சியில் தட்டையாகிவிடும் என்பதால் மார்பில் கட்டச் சொன்னேன். சென்ற வாரம் அவர் அனுப்பிய காணொளியைப் பார்த்தபோது, அந்த வேர் இறக்கத்தில் அவர் வலப்பக்கம் ஒதுங்கிப் போகும் கோடு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இப்போது நானும் அதில்தான் இறங்குகிறேன்.