பாமினியில் மாட்டிக்கொண்ட பாடசாலை மலர்: வழி சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நாங்கள் நான்கு பேரும் யாழ்ப்பாணத்தில் தரம் 10 படிக்கிறோம். பாடசாலை இணையத்தள வடிவமைப்புப் போட்டிக்குக் குழுவாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு வரும். தளத்தை கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றியும் விட்டோம்.

சிக்கல் உள்ளடக்கத்தில்தான். பழைய பாடசாலை மலரின் தமிழ் முழுக்க பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பார்க்கத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஒன்றுமே விளங்காது. எல்லாப் போனிலும் தெரியும் யுனிகோட் எழுத்தாக மாற்றித் தரும் கருவியில் போட்டால் தமிழ் சரியாக வருகிறது. ஆனால் இடையில் உள்ள ஆங்கிலப் பெயர்களையும் அது விட்டுவைப்பதில்லை, எல்லாம் தமிழ்க் குப்பையாகிவிடுகிறது. 60 பக்கத்தையும் கையால் திருத்தத் தொடங்கி 9ஆம் பக்கத்திலேயே களைத்துவிட்டோம்!

வேர்ட் கோப்பில் எழுத்துருவைப் பார்த்து, பாமினிப் பகுதியை மட்டும் மாற்ற முடியுமா? பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரியும்.

அப்புறம், படங்கள் ஒவ்வொன்றும் 5 எம்பி. அளவு குறையும் வெப்பி (WebP) பட வடிவத்துக்கு மாற்றினால் பழைய போன்களிலும் தெரியுமா?

செய்து தர வேண்டாம், விதிப்படி வேலை எங்களுடையதாக இருக்க வேண்டும். வழி காட்டினால் போதும். அடுத்த வெள்ளி கடைசி நாள்.