சாட்ஸ்வர்த்தில் சக்கர நாற்காலிப் பாதை: மாணவர்கள் எதை அளக்க வேண்டும்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நூலகம், கடைத்தெரு வாசல்களை ஆராயப் போகிறார்கள். வழிமுறை சொல்லுங்களேன்.

பதில் 1: வாசல் சரிவு 1:12ஐ (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) தாண்டக்கூடாது என்பது தென்னாப்பிரிக்க விதி. 60 செ.மீ. ரசமட்டத்தைச் சரிவில் வைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை கீழ்முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் சரிவுக்கும் உள்ள இடைவெளி 5 செ.மீ.க்கு மேல் போனால் செங்குத்து அதிகம். அடி, நடு, மேல் என மூன்று இடத்திலும் பாருங்கள். சராசரி எடுத்தால் அடியிலுள்ள செங்குத்து மறைந்துவிடும்.

பதில் 2: அதற்கு முன் சக்கர நாற்காலியில் போகிறவர்களிடம் கேளுங்க, எந்த வாசலைத் தவிர்க்கிறீர்கள் என்று. அவர்கள் சொல்லும் இடமே முதலில். பெயர் எழுத வேண்டாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

பதில் 3: மாநகராட்சிப் பதிவுகளை 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டப்படி கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, நீட்டிக்கவும் செய்வார்கள். ஆகவே மனுவை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.