ஹோ சி மின் நகரம்: பழைய முகவரியைப் புதிய வார்டுக்கு மாற்ற உதவி வேண்டும்

வணக்கம். ஹோ சி மின் நகரத்தில் வீடுகளுக்கு மசாலாவும் பருப்பும் அனுப்பும் சின்ன வேலை எங்களுடையது. 412 வாடிக்கையாளர் முகவரிகள் ஒரு எக்செல் தாளில் இருக்கின்றன. எல்லாமே பழைய முறையில், அதாவது தெரு, வார்டு, மாவட்டம், நகரம் என்று எழுதியவை.

2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் மாவட்ட நிலையே இல்லை. 63 மாகாணங்கள் 34 ஆகிவிட்டன. இப்போது மாகாணம் அல்லது மத்திய நகரம் (மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ள பெருநகரம்), அதற்குக் கீழே நேராக வார்டு, கம்யூன் (கிராமப்புறப் பிரிவு) அல்லது சிறப்பு மண்டலம், அவ்வளவுதான். பின் சுவாங் (Bình Dương), பா ரியா-வுங் தாவ் என்ற இரண்டு மாகாணங்களும் ஹோ சி மின் நகரத்தோடு சேர்ந்துவிட்டன. மாவட்டத்தை நீக்கிவிட்டால் போதும் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை.

வார்டு பெயரை வைத்து மாற்றிப் பார்த்தேன். முழுதாக இணைந்த வார்டுகள் சரியாக வந்தன. பழைய தாவோ தியன் வார்டு இப்போது ஆன் கான் வார்டில். ஆனால் ஆன் ஃபூ மாதிரி உடைந்த வார்டுகளில்தான் சிக்கல்: ஒரு பகுதி ஆன் கானுக்கு, இன்னொரு பகுதி பின் சுங்குக்குப் போயிருக்கிறது. அப்படி 57 முகவரிகள் மாட்டிக்கொண்டன. கைபேசி வரைபடத்தில் தேடினால் சிலவற்றுக்கு இன்னும் பழைய பெயரே வருகிறது. வாடிக்கையாளர்களிடமே கேட்டேன், பலருக்கும் புது வார்டு தெரியவில்லை. போன வாரம் மூன்று பொட்டலங்கள் திரும்பி வந்துவிட்டன, அதில் ஒன்று வயதான ஒரு அம்மாவுக்குப் போக வேண்டியது.

உடைந்த வார்டுகளில் தெருப் பெயரும் கதவு எண்ணும் மட்டும் வைத்துப் புதிய வார்டை உறுதியாகக் கண்டுபிடிக்க என்ன வழி?